எல்லோரும் தள்ளிவிட்ட கார்

"உந்தக் கிழட்டுக் காரை ஆர், பிள்ளை, களவெடுக்கப் போறான்?"

காரைத் தெருவில் இப்படி விட்டுவிட்டுப் போகலாமா என்று நான் எப்போது கேட்டாலும் அண்ணையின் பதில் இதுதான். மலாயாவில் வேலைபார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய கார் அது. மேலே துணிக் கூடாரம், பக்கங்களில் பித்தளை விளக்கு, முன்னால் கையால் சுழற்றி இயக்கும் கம்பி. அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் சீவித்தார். நான் கொழும்பில் மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து அச்சுவேலிப் பகுதிக்கு நியமனம் பெற்று வந்த பிறகு, பிள்ளைப்பேற்று வீடுகளுக்கு என்னை ஏற்றிப் போவதும் அதன் வேலையாயிற்று. அண்ணையின் கார் என்று சொல்வதை ஊரார் மெல்ல விட்டுவிட்டார்கள். மருத்துவிச்சியின் கார் என்றார்கள். அண்ணைக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

பயிற்சிக்காலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டியிருந்தார்கள். வீட்டை விட்டு வெளிக்கிட முன்னர் பையில் இருப்பவற்றை வாய்விட்டுச் சொல்லித் தொட்டுப் பார்க்க வேண்டும். கத்தரிக்கோல், நூல், பஞ்சு, சவர்க்காரம், நகம் தேய்க்கும் பிரஷ், தராசு. அதோடு நிற்பதில்லை. எது எது பிழைக்கலாம் என்பதையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். பழகிவிட்டால் பிறகு எதைப் பார்த்தாலும் மனம் அப்படித்தான் வரிசைப்படுத்தும். ஒரு வீட்டு வாசலில் நோவு முற்றக் காத்திருந்த வேளையில் அண்ணையின் கார் எப்படிக் களவு போகலாம் என்பதை அவரிடமே அப்படி வரிசைப்படுத்திச் சொன்னேன்.

முதலில் சுவிச்சு. அதற்கென்று ஒரு சாவி இருந்தது, ஆனால் எங்கள் உடுப்புப் பெட்டிச் சாவியும் அதைத் திருப்பும், பாக்குவெட்டியின் நுனியும் திருப்பும். புதிதாக வரும் கார்களில் ஒன்றின் சாவி மற்றதற்குப் பொருந்தாது என்று அண்ணையே சொல்லியிருக்கிறார். பிறகு கதவு. பூட்டே கிடையாது, இருந்திருந்தாலும் கூடாரத் துணிக்குள்ளால் கையை விட்டுத் திறக்கலாம். சுழற்றும் கம்பியைக் கள்ளன் தேடத் தேவையில்லை, அது காரிலேயே தொங்கும். அந்த வகைக் கார் குடாநாட்டில் பல ஓடின, ஒன்றில் கழற்றியது இன்னொன்றில் அப்படியே பூட்டுப்படும். கழற்றியவனுக்கு விற்பது சுலபம். யுத்தம் தொடங்கி ரப்பர் கிடைக்காமல் போனதும் நல்ல ரயர் ஒன்றுக்குப் பெர்மிட்டோடு அலைய வேண்டியிருந்தது. பழைய கார் என்பது நான்கு நல்ல ரயர்களின் மேல் நிற்கும் ஒரு கூடாரம், அவ்வளவுதான். கடைசியாக, பழையதை எவரும் விரும்பமாட்டார் என்று அதன் சொந்தக்காரர் நினைப்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. ஆனா அது ஸ்ராட் வந்தாத்தானே? எனக்கே வாறேல்லை. கள்ளன் என்ன, தள்ளிக்கொண்டோ போறது?"

அந்த மாதங்களில் என் மனத்தில் நின்ற கர்ப்பிணி மயிலிட்டிக் கரையில் இருந்தாள். என்னிலும் சற்று இளையவள். முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டிலே பிறந்து தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் குறுக்கே கிடந்தது. ஒவ்வொரு தடவையும் கைவைத்துப் பார்த்தேன். தலை பக்கவாட்டில்தான் இருந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இந்தப் பிள்ளையையும் காப்பாற்ற முடியாது, தாயையும் முடியாமல் போகலாம் என்று அவள் கணவனிடம் மறைக்காமல் சொன்னேன். கடலுக்குப் போகிறவர். கேட்டுவிட்டுத் தன் தாயைப் பார்த்தார்.

மாமியார் சம்மதிக்க நாளெடுத்தது. வண்டியில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு போக விடமாட்டேன் என்றா. வழியில் பிறந்தால் ஆர் பொறுப்பு என்றா. கடைசியில், "கார் வந்தா அனுப்பிறன். கார் வராட்டி அவள் இந்த அறைக்குள்ளைதான்" என்றா. முதல் நோவு கண்டதும் ஆள் அனுப்புங்கள், நான் காரோடு வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெண் என் கையைப் பிடித்து, "கட்டாயம் வருவியள் என்ன, மிஸி?" என்று மட்டும் கேட்டாள். அங்கே என்னை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கார் களவு போனது நல்ல வெயில் ஏறிய காலையில். ஒரு வீட்டில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டி நிறுக்கப் போயிருந்தேன். அந்த ஒழுங்கைக்குள் கார் நுழையாது. அண்ணை அதைத் தெருமுனையில் பூவரசு நிழலில் விட்டுவிட்டு, வளைவுக்கு அப்பாலிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார். நான் பையோடு திரும்பி வந்தபோது நிழல் இருந்தது, கார் இல்லை. அண்ணை ஏதோ அவசர வாடகைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு நடந்து வந்தார்.

"காரெங்கை பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்து நீர் இறைத்துக்கொண்டிருந்த பெரியவர் மேலிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"தம்பி, நீர் இஞ்சையோ நிக்கிறீர்? கார் அப்பவே போட்டுதே!"

"போட்டுதோ? எங்கை?"

"அதை எங்களுக்கென்ன தெரியும்? ஸ்ராட் வரேல்லை எண்டு நிண்டார் அந்தப் பெடியன். பாவம், வேர்த்து வழிஞ்சு போச்சு. நாங்கள் மூண்டு பேரும் இறங்கிப் போய்த் தள்ளிவிட்டம்."

அண்ணை வாய் திறந்தபடி நின்றார். "தள்ளி விட்டனீங்களோ?"

"ஓம். இரண்டாந்தரம் தள்ளேக்கை பிடிச்சுக்கொண்டுது."

"ஆர், என்ன, எங்கை போறாய் எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லையோ?"

பெரியவர் துலாவிலிருந்து இறங்கிவிட்டார். உண்மையிலேயே மனம் நொந்தவர் போல் பார்த்தார். "மருத்துவிச்சியின்ரை கார் வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கிறதோ? நாங்கள் என்ன விசரரோ? பிள்ளைப்பெறு வீட்டு ஆள் எண்டு நினைச்சம்."

புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் நடவாது என்பது எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவரைக் கேட்பது அதிலும் கூடாது. என் கார் வந்தால் வண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டுவார்கள், கதைத்துக்கொண்டு நிற்பவர்கள் விலகுவார்கள், எவரும் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு விசாரித்தபோது தெரிந்தது: சந்தையடியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த வண்டி ஒன்றை அவசரமாக நகர்த்திக் கள்ளனுக்கு வழி விட்டிருக்கிறார்கள். என் வரிசையில் எத்தனையோ வைத்திருந்தேன், இது இருக்கவில்லை. பழைய காரின் முகம் ஊர் முழுவதற்கும் தெரியும். முகம் தெரிந்ததை மறிக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

"அவன் என்னவும் சொன்னவனோ?" என்று அண்ணை கேட்டார்.

"சொன்னவன். 'நல்லாயிருப்பியள் ஐயா' எண்டு கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டுப் போனவன்."

பெரியவரோடு இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை.

கார் நெடுந்தூரம் போகவில்லை. பனையில் ஏறிக் கள்ளுச் சீவிக்கொண்டிருந்தவர் மேலிருந்து அதைக் கண்டிருக்கிறார். கடலேரிப் பக்கத்துப் பனங்கூடலுக்குள் அது ஆவி கக்கியபடி நின்றது. அதன் தண்ணீர்த் தொட்டியில் ஒழுக்கு இருந்தது, இரண்டொரு மைலுக்கு ஒருக்கால் நிறுத்தி நிரப்ப வேண்டும் என்பது கள்ளனுக்குத் தெரிந்திருக்காது. கொதித்துப் போனதும் அவசரமாகக் கழற்றக் கூடியதைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டான். நாங்கள் போய்ப் பார்த்தபோது முன்சக்கரங்கள் இரண்டும் வெறும் இரும்பாக மணலில் புதைந்திருந்தன. ரயரும் இல்லை, உள்ளே காற்றடிக்கும் ரியூப்பும் இல்லை. அவற்றை அண்ணை அந்த வருடம்தான் பெர்மிட் எடுத்து வாங்கியிருந்தார். பிறகும் அவை கிடைக்கவில்லை.

(அதன் பிறகு காரை எங்கே நிறுத்தினாலும் அதன் மின்சாரக் கம்பிகளுள் ஒன்றைக் கழற்றி என் பையில் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. கத்தரிக்கோல், நூல், பஞ்சு, கம்பி. அண்ணை மறுப்புச் சொல்லவில்லை.)

காரைத் தொட்டுத் தொட்டு அண்ணை சுற்றி வந்துகொண்டிருந்தபோது மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் அந்தக் கணவர் வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுக்குப் போய், தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து வழி கேட்டு வந்திருந்தார். சைக்கிளை மணலில் போட்டுவிட்டு, "நோவு கண்டிட்டுது, மிஸி" என்றார். பிறகுதான் சக்கரங்களைக் கண்டார். தலையில் கைவைத்து அப்படியே குந்திவிட்டார்.

நான் மனத்துக்குள் எண்ணினேன். வேறு வாடகைக் கார் இரண்டும் கலியாண வீடு ஒன்றுக்குச் சாவகச்சேரிக்குப் போய்விட்டன. பஸ் பின்னேரம்தான், அதுவும் மயிலிட்டிக்குள் போகாது. மாட்டுவண்டிக்கு மாமியார் விடமாட்டா, விட்டாலும் அந்தக் குலுக்கலில் நீர்க்குடம் உடைந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மிஞ்சியது கார். காருக்கு இல்லாதது காற்று மட்டுமே.

"அண்ணை, வீட்டிலை மால் கொட்டிலுக்குள்ளை எறிஞ்ச பழைய ரயர் கிடக்குதல்லோ?"

"கிடக்கு. ரியூப் இல்லாமல் அதை வைச்சு என்ன செய்யிறது?"

"வைக்கலை அடைச்சா?"

"வைக்கலோ?" அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கார் என்ன, மாடோ?"

"யுத்த நாட்டிலை அப்பிடிச் செய்யினமாம். பேப்பரிலை கிடந்தது. மெதுவாப் போனாத் தாங்கும்."

குந்தியிருந்தவர் எழுந்தார். "வைக்கல் தனியா எண்டால் நசிஞ்சு மாவாப் போம். கயிறும் சேர்த்து அடைக்கவேணும். இறுக்கிற வேலையை நான் பாக்கிறன்."

நீர் இறைத்த பெரியவரும் மற்ற இருவரும் எங்களுக்குப் பின்னாலேயே வந்து, குற்றம் செய்தவர்கள் போல ஒரு பனையோடு ஒட்டி நின்றிருந்தார்கள். பெரியவர் திரும்பி நடந்தார். எங்கள் மாலிலிருந்து பழைய ரயர்களையும், தன் வீட்டிலிருந்து வைக்கல், சாக்கு, உலக்கை, இறைப்புக்கு வைத்திருந்த கிணற்றுக் கயிறு எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கயிறு புதியது.

"உதை வெட்ட வேண்டிவரும் அப்பு" என்றார் அண்ணை.

"வெட்டும் தம்பி. கள்ளனுக்குத் தள்ளின கைக்கு இதுவும் காணாது."

கடற்காரர் ரயருக்குள் கயிற்றைச் சுருள் சுருளாக வைத்து, இடைவெளியில் வைக்கலைத் திணித்து, உலக்கையால் இடித்தார். இடிக்க இடிக்க அவர் முகம் தெளிந்தது. பிறகு ரயர் கழன்று ஓடாதபடி சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினார், வள்ளத்தைக் கட்டுகிற கட்டு. அண்ணை ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. அடைத்த சக்கரங்கள் முன்னுக்கே இருக்கட்டும் என்றேன். பின்னால் நல்ல ரயர் இருந்தால் படுத்திருப்பவளுக்குக் குலுக்கல் குறையும்.

"முன்னுக்கு உந்தப் பாரத்தை வைச்சுக்கொண்டு வளைக்க ஏலாது, பிள்ளை."

"வளையாமல் போவம்."

"மயிலிட்டி றோட்டை உனக்காக ஆர் நிமித்தி வைச்சிருக்கினம்?" என்றார். ஆனால் ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றினோம். மூவரும் மறுபடி தள்ளினார்கள். பெரியவர் இந்த முறை அண்ணையின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கைவைத்தார்.

மயிலிட்டியில் மாமியார் வாசலில் நின்றா. ரயரின் ஓரத்தில் வைக்கல் துருத்திக்கொண்டு நின்றது.

"உது காரோ, வைக்கல் போரோ?"

"கார்தான் அம்மா" என்றார் மகன்.

"கார் எண்டால் காத்திலை ஓடும். உது ஓடுமோ?"

"அச்சுவேலியிலையிருந்து ஓடித்தானே வந்தது!" என்றார் அண்ணை. களவு போன பின் அவர் குரலில் அப்போதுதான் கொஞ்சம் பெருமை கேட்டது.

மாமியார் குனிந்து கட்டை விரலால் அமத்திப் பார்த்தா. அதற்குள் மருமகள் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்துவிட்டாள். "மாமி, கார் எண்டால் அனுப்பிறன் எண்டு சொன்னனீங்கள். வந்திருக்கு. நான் போறன்" என்றாள். அவள் அவ்வளவு உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. மாமியார் நிமிர்ந்தா. பிறகு உள்ளே போய்த் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து பின்னிருக்கையில் விரித்தா.

கணவர் முன்னால் அண்ணைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பட்டணம் வரைக்கும் சைக்கிள்காரர் எங்களைக் கடந்து போனார்கள். அண்ணை உடம்பு முழுவதையும் சாய்த்துத்தான் ஒவ்வொரு வளைவையும் திருப்பினார். கிணறு கண்ட இடமெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம், கட்டுகளைத் தொட்டுப் பார்த்தோம். நான் பின்னால் அவளுடைய வயிற்றில் கைவைத்தபடி இருந்தேன். நீர்க்குடம் உடையவில்லை. ஒவ்வொரு நோவு தணியும்போதும் அதைச் சொன்னேன், அவள் தலையாட்டினாள். கொக்குவிலில் ரயில் கடவை மூடியிருந்தது. ரயில் போகும்வரை நாங்கள் நால்வரும் மூச்சுவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் பரிசோதித்துவிட்டு உடனே சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். என்னையும் உள்ளே நிற்க விட்டார்கள். குழந்தை முதலில் அழவில்லை. தாதி துணியால் துடைத்து முதுகைத் தேய்த்தார். பிறகு அழுதது, முதலில் சிறிதாக, பிறகு கோபமாக.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணை காரின் படியில் இருந்து, ரயருக்குள்ளிருந்து வெளியே வந்த கயிற்றின் நுனியைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். கணவர் மதிலோடு நின்றார். என்னைக் கண்டதும் இரண்டடி வந்து நின்றுவிட்டார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

"இரண்டு பேருமோ, மிஸி?"

"ஓம்," என்றேன். "இரண்டு பேரும்."