எண்ணிக்கை ஒரு கரைக்கு, புள்ளி மறு கரைக்கு

வலயக் கல்வி அலுவலகத்தில் பாடசாலைகளை ஒப்பிடும் அட்டவணையை முதலில் தயாரித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அதற்கு விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். ரோல்ஸும் தேநீரும் தருவார்கள். அப்படிக் கடைசியாகப் போன கூட்டம் இது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலை. அங்கே ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை மூடிவிடலாமா என்பதுதான் அன்றைய விடயம். அட்டவணையில் அது கடைசி. பிள்ளைகளும் குறைவு, புள்ளியும் குறைவு. கிழக்குக் கரையின் பெரிய பாடசாலை எண்ணிக்கையிலும் புள்ளியிலும் முதலாவது. அதன் அதிபர் முன்வரிசையில், கல்யாண வீட்டு மாப்பிள்ளை போல இருந்தார்.

சின்னப் பாடசாலையின் அதிபர் ஒரு பெண். பெரிய பாடசாலையிலிருந்து விலகியதாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விடுகைப் பத்திரக் கட்டொன்றை என் முன்னால் வைத்தார்.

“சேர், புள்ளைகள எப்ப எண்ணுற?”

“வருசத் தொடக்கத்தில.”

“புள்ளி எடுக்கிற?”

“கடைசித் தவணையில.”

“இதெல்லாம் ரண்டுக்கும் இடையில வந்த புள்ளைகள். கணிதம் ஓடாததுகளாப் பாத்து, பத்திரத்தக் கையில குடுத்துத் தோணியில ஏத்தி விட்டிருக்காங்க. எண்ணிக்கை அவங்களுக்கு, புள்ளி எங்களுக்கு.”

“பெற்றார் கேட்டுத்தானே குடுத்த,” என்றார் பெரிய பாடசாலை அதிபர். “கடிதம் இருக்கு.”

கடிதங்கள் இருந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து. கீழே ஒப்பம் மட்டும் வேறு வேறு.

வருடத் தொடக்கத்தில் பிள்ளை எங்கே எண்ணப்பட்டதோ, புள்ளியும் அங்கேதான் சேர வேண்டும் என்றேன். கூட்டத்தை நடத்திய வலயக் கல்விப் பணிப்பாளர் அறிக்கையில் ‘கவனத்திற் கொள்ளப்பட்டது’ என்று எழுதச் சொன்னார். ஒன்றும் செய்யப் போவதில்லை என்பதை அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுவோம். நானும் நிறைய எழுதியிருக்கிறேன். இந்தத் தவணையோடு மூடுவதென்று முடிவாயிற்று. அதன் பிறகு ரோல்ஸ் வந்தது.

வெளியே, பெரிய பாடசாலையிலிருந்து அப்படிப் படுவான்கரைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட எட்டாம் தரப் பிள்ளையொருத்தி தாயோடு காத்திருந்தாள். முடிவைக் கேட்டதும் தாய், “அப்ப பழைய இஸ்கூல்லயே திரும்பச் சேப்பாங்களா சேர்?” என்றார். இருவரையும் பெரிய பாடசாலை அதிபரின் காரடிக்குக் கூட்டிப் போனேன்.

“இடமில்ல. வகுப்பு நிறைஞ்சு கிடக்கு.”

“அத எழுதித் தாங்க.”

எழுத்தில் மறுத்தால்தான் மேன்முறையீடு செய்யலாம். அது அவருக்கும் தெரியும்.

“பென்ஷன் எடுத்தும் உங்களுக்கு இந்தக் குணம் போகல்லையே சேர். பிறகு பாப்பம்.” கார்க் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவர் சேர்க்கவுமில்லை, மறுக்கவுமில்லை. இனி யாருக்கு எழுத வேண்டும், யாருக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று தாய்க்கு வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி சேர். தவணை தொடங்கக்குள்ள புள்ளைய எங்க அனுப்புற?”

பிள்ளை தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்கம்மா, தோணி போயிரும்.”