அடிக்காத மணியும் தனகோட்டி சொன்ன விலையும்

செவ்வாய்க்கிழமை மதியம் குடியாத்தத்தில் என் கடைக்குத் தந்தி வந்தது. தனகோட்டி காலமானார் என்று ஒரே வரி. வேலூரில் அவரும் நானும் கூட்டாக ரேடியோ கடை நடத்தியதை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது என்னைப் பற்றியதும்கூட.

ராணுவத்தில் வயர்லெஸ் வேலை கற்றவர் அவர். யாராவது புதிதாக ஒரு கருவி செய்துதரக் கேட்டால், அந்த இடத்தைப் போய்ப் பார்த்த பிறகே விலை சொல்வார். சாமான், செய்கூலி, சோதனை என்று மூன்று வரி எழுதுவார். மூன்றாவதுதான் எப்போதும் பெரிது. “செய்யறது நாலு நாள் வேலை. அது எங்க ஏமாத்தும்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம தொழில்” என்பார்.

சீனப் போருக்கு அடுத்த வருடம் ஆம்பூரிலிருந்து தோல் பதனிடும் ஷாப் முதலாளி ஒருவர் வந்தார். பாய்லரில் தண்ணீர் இறங்கினால் மணி அடிக்க வேண்டும். தனகோட்டி போய்ப் பார்த்துவிட்டு முந்நூற்று எண்பது ரூபாய் என்றார். ரேடியோ வால்வும் கம்பியும் தொண்ணூறுகூட ஆகாதே என்றார் முதலாளி.

“கம்மி பண்ணணும்னா சாமான்ல பண்றேன், பழைய டிரான்ஸ்பார்மர் போடறேன். பாய்லர் பக்கத்துல நான் உக்கார்ற ரெண்டு வாரத்துல மட்டும் கை வைக்காதீங்க.”

முதலாளி எழுந்து போய்விட்டார். கையில் வேலை இல்லாத மாதம் அது. தனகோட்டி தங்கை மகள் கல்யாணத்துக்கு நெமிலி போன சமயம், நான் ஆம்பூர் போய் நூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டேன். நாலே நாளில் முடித்தேன். பாய்லருக்குள் ஒரு கம்பி, தண்ணீர் அதைத் தொட்டு மின்சாரம் ஓடும்வரை மணி அடிக்காது. தண்ணீரை இறக்கிக் காட்டினேன். மணி கணீரென்று அடித்தது.

திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. “அந்தத் தண்ணி இன்னா தண்ணின்னு பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு ஆம்பூரிலிருந்து யார் வந்தாலும் மணி அடித்ததா என்று விசாரிப்பார். இல்லை என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள், “ஒரு தடவைகூடவா அடிக்கல?” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பஸ் ஏறினேன்.

பாய்லர்கார முனுசாமி நிம்மதியாக பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மணி வந்ததிலிருந்து அவர் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பதில்லை. தனகோட்டி அதன் கரியைத் துடைத்தார். உள்ளே தண்ணீர் இல்லை. மணி ஊமையாக இருந்தது. இரும்புத் தகட்டிலிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்டது. முனுசாமி பம்பைத் திறக்க ஓடினார். தனகோட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி உடாத. இரும்பு காஞ்சி கெடக்கு, வெடிச்சிடும். நெருப்ப இழு.”

சுவருக்கு அப்பால் தோல் பிரித்துக்கொண்டிருந்த பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, மூவருமாக நெருப்பை வாரி இழுத்தோம். ஒரு கங்குக் குவியல் தனகோட்டியின் இடது பாதத்தில் சரிந்தது. அவர் காலை எடுக்கவில்லை.

பாய்லர் ஆறியதும் திறந்து பார்த்தோம். நான் வைத்த கம்பிக்கும் பாய்லர் சுவருக்கும் நடுவே அந்த ஊர்த் தண்ணீரின் உப்பு கெட்டியாகப் படிந்திருந்தது. அதன் வழியாக மின்சாரம் ஓட, அந்த உப்பையே என் கருவி தண்ணீர் என்று நம்பியிருக்கிறது.

முதலாளி அறுநூறு ரூபாய் நீட்டினார். “பயத்துல குடுக்கறது விலை இல்லங்க” என்று சொல்லி, தனகோட்டி முதலில் கேட்டதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. காலில் கட்டோடு இரண்டு வாரம் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். ஷாப்பில் எல்லாரிடமும் “நாங்க பண்ண தப்பு” என்றே சொன்னார். நான் பக்கத்தில் தலைகுனிந்து நின்றேன்.

அவர் விந்தி நடந்ததைப் போர்க் காயம் என்று உங்களில் பலர் நினைத்தீர்கள். அவரும் மறுத்ததில்லை.

என் விலைச்சீட்டிலும் இன்று அந்த மூன்றாவது வரி இருக்கிறது. யார் கேட்டாலும் குறைப்பதில்லை. அதோடு அவருடைய பயமும் எனக்கு வந்துவிட்டது. செய்துகொடுத்த கருவியைப் பற்றிப் பல நாள் ஒரு பேச்சும் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறிவிடுகிறேன்.