ரெண்டாம் தரம்

ஞாயிறு காலை ஆறரைக்கே கதிரையை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, நீலத் துவாயைத் தோளில் போட்டு உட்கார்ந்துவிட்டார் சில்வெஸ்ரர். இங்கே தகனினியில் தெருவே தூங்குகிறது. அமெரிக்காவில் சனி மத்தியானம். மகன் டிலுக்ஷன் தன் கல்லூரிக்காகப் பந்து வீசுகிற கடைசி பேஸ்போல் ஆட்டம். பயிற்சியாளர் அவனிடம் நடந்து போனதும் சில்வெஸ்ரர் ஒரு விரலை மடித்தார்.

தகனினியிலிருந்து மவுண்ட் வெல்லிங்டனுக்குப் போய் ஃப்ரிட்ஜ் திருத்துகிற மனுஷனுக்கு இந்த விளையாட்டு எங்கேயிருந்து வந்தது? "பெடியன் போனான், நானும் பின்னால போனன்," என்பார். போனவர் சும்மா நிற்கவில்லை. சட்டப் புத்தகத்தைப் படித்துக் கரைத்துக் குடித்து, மகனின் கிளப்புக்கே பயிற்சியாளராகிவிட்டார். ஒரே இன்னிங்ஸில் பந்து வீசுபவனிடம் பயிற்சியாளர் ஒருதரம் போகலாம்; அதற்கு விசிட் என்று பேர். ரெண்டாம் தரம் போனால் அவனை மாற்றியே ஆகவேண்டும். காரணம் எதுவானாலும் சரி.

அவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் அந்த வேலையைச் செய்தார். டிலுக்ஷனுக்கு அப்போது பதினைந்து வயது. இன்னும் ஒருவனை வெளியேற்றினால் வெற்றி. ஏற்கெனவே ஒருதரம் போய் வந்திருந்தார். தூறல் பிடித்தது. பிள்ளையின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டதும் சட்டமெல்லாம் மறந்து, "ஐயோ, தடிமன் பிடிக்கப்போகுது," என்று துவாயோடு ஓடினார். துவட்டி முடிக்கும்போது நடுவர் பக்கத்தில் நின்றார். டிலுக்ஷன் பந்தை அப்பாவின் கையில் வைத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி வெளியே போனான். வான் வண்டிக்குள் ஏறியதும் ஒரே ஒரு வசனம்: "டோன்ட் கம் அவுட் அகெய்ன், டாட்."

கோபித்தாலும் அன்றைக்குப் பக்கத்து சீட்டில் இருந்தானே என்று இப்போது நினைத்துக்கொள்வார். அவன் அமெரிக்கா போனபோது, நீலச் சோடித் துவாயில் ஒன்றை அவன் பைக்குள் திணித்துவிட்டார். நாலு வருஷம் ஆட்டம் பார்க்கிறார். அதை அவன் வெளியே எடுத்ததே இல்லை. மன்னித்தானா இல்லையா என்று கேட்கவும் பயம். ஆட்ட நாளில் மகனுக்கு ஒரே ஒரு ஃபோன் கோல்தான் எடுப்பார். "ரெண்டாவது எடுத்தா அதுவும் விசிட்."

"உங்களுக்கு விசர்," என்பார் மனைவி மெலனி.

இப்போது டிவியில், அங்கேயும் மழை பிடித்தது. அதே இன்னிங்ஸில் பயிற்சியாளர் மறுபடியும் வெளியே வந்தார். சில்வெஸ்ரரின் அடுத்த விரலும் மடிந்தது.

"மாத்தப் போறாங்களோ?" தேத்தண்ணியோடு வந்த மெலனி கேட்டார்.

"ஓம். ரெண்டாம் தரம்."

"பாவம் பிள்ளை. முடிஞ்சதும் ஒருக்கா கோல் எடுங்கோவன்."

"விடியவே எடுத்திட்டன்."

டிலுக்ஷன் பந்தைக் கொடுத்துவிட்டு, நனைந்த தலையோடு போய் வாங்கில் உட்கார்ந்தான். பையைக் கிளறினான். வெளுத்துப்போன நீலத் துவாயை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

சில்வெஸ்ரர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. தோளிலிருந்த துவாயை எடுத்து, முடியில்லாத தன் தலையை மெதுவாகத் துவட்டத் தொடங்கினார்.