சாம்பல் போட்டு மூடியது

எனக்குக் கோபம் வருகிற அளவுக்குப் பயம் வராது என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். சுத்தப் பொய். மலாயாவில் சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, ஒரு நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பயந்த பயத்தில் பாதியைக்கூட அவர் பார்த்ததில்லை.

அவர் தோட்டத்து மாட்டுவண்டிக்காரர். விடிவதற்குள் வண்டியைப் பூட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். நான் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போவேன். மத்தியானம் கூலிக்காரர்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குத் திரும்பினால் வீட்டில் பேச ஆள் கிடையாது. கப்பலேறி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, பிள்ளையும் இல்லை. அப்போதுதான் ஒரு நாள் அவர் சீனன் கீரைத்தோட்டத்திலிருந்து அந்தக் குட்டியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். செம்மண் நிறம், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. மனுஷருக்கே இடமில்லாத வீட்டில் நாய் ஒரு கேடா என்று நான் போட்ட சத்தத்தில் நாலு வீடு தள்ளிக் கதவு திறந்தது. அன்று சாயங்காலம் அது என் பாதத்தின்மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. அப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? அந்தத் தோட்டத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மூன்று வாரம் கழித்து அதற்கு வயிறு கெட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லயத்தில் யாருக்காவது வயிற்றால் போனால் வெளியே சொல்ல மாட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிற டிரஸருக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனியாக ஒரு கொட்டகை இருந்தது. பேதிக்காரர்களை அதில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், சொந்தக்காரர்கள் கிட்டே போகக் கூடாது. உள்ளே போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. அதனால் விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும், டிரஸர் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு வருவதற்குள், பெண்கள் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு மூடித் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். பிள்ளை ஏன் சோர்ந்திருக்கிறது என்று கேட்டால் “பல்லு முளைக்குதுங்க” என்பார்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து வீட்டு அக்கா. வந்த புதிதில் எனக்கு ஒருமுறை வயிறு போனபோது, கேட்காமலே ஒரு சட்டிச் சாம்பலைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தவள் அவள்தான்.

நாய்க்கு இன்னும் மோசம். பக்கத்துத் தோட்டத்தில் வெறிநாய் ஒருவரைக் கடித்ததிலிருந்து, சீக்கு நாய் என்று டிரஸர் வாயைத் திறந்தால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். என்ன சீக்கு என்றெல்லாம் கேட்க மாட்டார்.

முதல் நாள் மஞ்சளாகத் தண்ணீர்போல் போனது. ஆனாலும் குட்டி ஓடியது, என் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. கண்டதைத் தின்றிருக்கும் என்று நினைத்தேன். சாம்பல் போட்டேன். அக்கா கொய்யாக் கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள், நாக்கில் தடவினேன். உடம்பு தேறட்டும் என்று டின் பாலைக் கரைத்து நானே ஊட்டினேன். அந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய் அடித்துக்கொள்வது! பாலுக்குப் பிறகு இன்னும் கொட்டியது.

இரண்டாம் நாள் தார்போலக் கருப்பாகப் போனது. நுரை நுரையாகக் கக்கியது. அதையும் மூடினேன். கதவைச் சாத்தி, குட்டியைக் கூடைக்குள் கவிழ்த்துவைத்துவிட்டு மரம் வெட்டப் போனால் கத்தி ஒழுங்காக இறங்கவில்லை. டிரஸர் கதவைத் தட்டியிருப்பாரோ, குட்டி கத்தியிருக்குமோ, துரை வந்துவிட்டாரோ என்றே நினைப்பு ஓடியது. பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்திவிட்டேன் என்று கங்காணி ஏசினார். வழக்கமாக நான் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் சிவப்பு.

பார்த்ததும் பகீரென்றது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. குட்டி எழுந்திருக்கவில்லை. தண்ணீரைக் காட்டினால் ஆசையாக நக்கியது, நக்கிய வேகத்தில் கக்கியது. என் வீட்டுக்காரரிடம், “இது செத்துப்போயிடுங்க, யார்கிட்டயாவது காட்டுங்க” என்று அழுதேன்.

“யார்கிட்ட காட்டச் சொல்ற? டிரஸர்கிட்டயா?” என்றார். அவருக்கும் குரல் சரியாக இல்லை. பிறகு, “நாளைக்கு டவுன்லேருந்து மாட்டு டாக்டர் வர்றாரு. கெடேரிக்குக் கொளம்புல புண்ணு. அவர்கிட்ட மெல்லமா கேக்குறேன்” என்றார்.

மறுநாள் தலைவலி என்று பொய் சொல்லி வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டேன். குட்டியின் காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அதைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்புறம் போய் நின்றேன். அப்பா, சாமி, இன்னும் அரை மணி நேரம் மூச்சை நிறுத்தாமல் இரு என்று அதனிடமே கெஞ்சினேன்.

மாட்டு டாக்டர் என்று நாங்கள் சொன்னோமே தவிர, அவர் பெரிய டாக்டருக்குக் கீழே வேலை பார்த்தவர். தமிழர், வயதானவர், ஜொகூரிலேயே பல வருஷம் இருந்து பேச்சில் மலாய் கலந்துவிட்டவர். மாட்டின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என் கெட்ட நேரம், பக்கத்தில் டிரஸர் நின்றிருந்தார்.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் டிரஸரை ஒரு பார்வை பார்த்தார். “ஐயா, வீட்ல ஒரு நாய்க்குட்டி… லேசா வயிறு சரியில்லீங்க.”

“எத்தனை நாளா?”

“இன்னைக்குக் காலையிலதானுங்க. ஒரே ஒரு தடவை. பல்லு முளைக்குது போலருக்கு.”

“சாப்பிடுதா? தண்ணி குடிக்குதா?”

“நல்லா குடிக்குதுங்க.”

அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. டிரஸர் இருக்கும் இடத்தில் எங்கள் லயத்து வாய் அப்படித்தான் பேசும், அது பழக்கம். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு வேளை சோறு போடாத. கஞ்சித் தண்ணி கொடு. நான் பத்து நாள் கழிச்சி கட்டு பிரிக்க வருவேன், அப்ப பார்க்கலாம் லா.”

பத்து நாள்! மடியிலிருந்தது பத்து நாழிகை தாங்குமா என்று எனக்குத் தெரியாது. டிரஸரை நினைத்தேன், துப்பாக்கியை நினைத்தேன். பிறகு எப்படி அந்த மூலையைச் சுற்றி வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை, என் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது.

“பொய்யிங்கய்யா! அவரு சொல்றது அத்தனையும் பொய்! நாலு நாளா போகுது. மொத நாளு மஞ்சளு, அப்புறம் கருப்பு, நேத்திலேருந்து ரத்தம். தண்ணி தங்க மாட்டேங்குது. எந்திரிக்க மாட்டேங்குது. நான்தான் தெனமும் சாம்பலப் போட்டு மூடினேன். சுட்டுருவாங்கன்னு பயந்து மூடினேன்!”

டிரஸரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“அலமாக்!” என்றார் டாக்டர். மாட்டை விட்டுவிட்டுச் சேற்றிலேயே குந்தி, குட்டியை வாங்கினார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். “பாரு இங்க. செவப்பா இருக்கணும். சுண்ணாம்பு மாதிரி கிடக்கு.” முதுகுத் தோலைக் கிள்ளி விட்டார். அது தூக்கியபடியே நின்றது, இறங்கவே இல்லை. “உடம்புல தண்ணியே இல்ல. வயித்துல கொக்கிப்புழு, ரத்தத்தக் குடிக்குது. எத்தனை தடவை போச்சு நேத்து?”

“எண்ணலீங்க.”

“எப்படி எண்ணுவ? போனதும் மூடிட்டா எண்ண முடியுமா?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு நாளு இளகிப் போய், குட்டி துள்ளிக்கிட்டு இருந்தா நான் ஏம்மா பயப்படப் போறேன்? கஞ்சியே போதும். ரத்தம் வந்தா, கக்கவும் செஞ்சா, தண்ணி தங்கலன்னா, அதுவும் இத்தனூண்டு குட்டி! அதுக்கு உடம்புல என்ன இருக்கு இழக்குறதுக்கு? பெரிய நாயி மூணு நாள் தாங்கும். இது ஒரு நாள்கூடத் தாங்காதும்மா.”

பையிலிருந்து ஒரு புட்டி உப்புத் தண்ணீரை எடுத்து ஊசியால் தோலுக்கடியில் ஏற்றினார். குட்டி முனகக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. டவுனுக்குக் கொண்டுபோகிறேன், பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் அவசரமாக வண்டியைப் பூட்டினார்.

அப்போதுதான் டிரஸர் வாயைத் திறந்தார். துப்பாக்கிப் பேச்சே இல்லை. “இந்த மாதிரி சாம்பல் எத்தனை வீட்ல போடுறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். லயத்துப் பெண்கள் இத்தனை வருஷம் காப்பாற்றியதை நான் ஒரு நாய்க்காகப் போட்டு உடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

குட்டி பிழைத்தது. இழுத்துவைத்து உங்களை அழவிட எனக்கு இஷ்டமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாள் கழித்து, எலும்பும் தோலுமாக வண்டியில் வந்து இறங்கி, இறங்கிய உடனே என் வீட்டுக்காரர் செருப்பைக் கடித்தது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. வெறும் கையோடு லயத்துக்குத் திரும்பினேன். செய்தி எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது. வேலை முடிந்து வந்த பெண்கள் குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. யாரும் எனக்கு வழிவிடவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போனவள் வெறும் குடத்தோடு திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா. இடுப்பில் அவளுடைய ரெண்டு வயதுப் பெண்.

“எல்லாரையும் மாட்டிவுட்டுட்டியே தங்கச்சி. நாளைக்கு டிரஸர் வீடு வீடா வரப்போறாரு” என்றாள். ஏச வந்தவள் என்று நானும் பதிலுக்குத் தயாரானேன். ஆனால் அவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்த டாக்டரு குட்டியோட ஒதட்டத் தூக்கிப் பாத்தாராமே. எதுக்கு?” என்று கேட்டாள்.

“ஈறு வெளுத்திருக்கான்னு பாக்குறதுக்கு, அக்கா.”

அவள் பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். “நீ பாரு. எனக்குப் பாக்க பயமா இருக்கு.”

பிள்ளையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. உதட்டைத் தூக்கினேன், ஈறு வெளுத்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், அது மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

“எத்தனை நாளா அக்கா?”

“மூணு” என்றாள். “உனக்கே தெரியாம மூடினேன்.”

பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தேன். குழாயடிப் பெண்கள் இந்த முறை விலகி நின்றார்கள். அவள் என் பின்னாலேயே ஓடிவந்தாள், கொட்டகையில் போட்டுருவாங்கடி, கொட்டகையில் போட்டுருவாங்கடி என்று வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும், டிரஸர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள், எத்தனை தடவை போனது, என்ன நிறம், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்று அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.