வீட்டுக்காரர் கையெழுத்து

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள் அம்மா. அந்த மகராசி தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதையும் கெடுத்தது நான்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அடையாற்றங்கரையில் எங்கள் வீடு. தம்பி பிறந்து ஏழு மாதமாகியும் அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. தம்பியின் தடுப்பூசிக்குப் போன இடத்தில் பிரசவச் சீட்டைப் பார்த்த நர்ஸ்தான், பிரசவமான கையோடு கருத்தடைக்காக உள்ளே காப்பர்-டி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. வெளியே நின்ற அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள், அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு.

அடுத்த ஊசி நாளில் அதை எடுத்துவிடுவதென்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அப்பாதான் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். பெண்கள் பிரிவுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அதுதான் அவள் தைரியம். தம்பிக்கு ஊசி போட்டதும் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு மாடியேறினாள்.

“எடுக்கணும்னா வூட்டுக்காரர் கையெழுத்து வேணும். எங்க அவரு?” என்றாள் மாடியில் இருந்த நர்ஸ்.

“வேலைக்கு பெங்களூர் பூட்டாரு மேடம். வர ரெண்டு மாசம் ஆவும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இல்ல மேடம், அப்பா கீழ ஆட்டோல கீறாரு,” என்றேன். கூட்டிக்கொண்டு வா என்றாள் நர்ஸ். பாவி, குதித்துக்கொண்டு ஓடினேன். இன்று நினைத்தாலும் அந்த நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

அப்பா வாசலில் நின்றபடியே, “அது பாட்டுக்கு இர்க்கட்டும் மேடம். இன்னொண்ணு பொறந்தா யாரு பாக்குறது?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அடிப்பாள் என்று பயந்தேன், அடிக்கவில்லை.

மறுவாரம் என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு அத்தையோடு மறுபடி போனாள். இந்த முறை பொய்யெல்லாம் இல்லை. டாக்டர் அறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். “ரத்தம் போறது எனக்கு, கையெழுத்து அவரு போடணுமா? எடுக்குற வரிக்கும் எயுந்துக்க மாட்டேன்,” என்றாளாம். காலையில் உட்கார்ந்தவளை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டு எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் வெகு காலம் கழித்து அத்தை சொல்லி எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு வந்தது வேறு கோபம். ஆஸ்பத்திரிச் சீட்டையெல்லாம் படித்துச் சொல்வது நான், என்னை விட்டுவிட்டு எப்படிப் போகலாம் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். படுத்திருந்த அம்மா என் தலையைத் தடவினாள்.

“நீ நெசம் பேசுற பொண்ணுடி. அதான்.”

பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.