மிளகும் புதன்கிழமை ஏலமும்

கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக மாத்தளை வீட்டிலிருந்தே நான் செய்யும் வேலை, வட்டி வீதம் எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பது. அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களான திறைசேரி உண்டியல், முறிகளின் பழைய விளைவு வீதங்களைப் போட்டு மொடல் கட்டுவேன். வாப்பா மிளகு வியாபாரி. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று, வங்கிக் கணக்கில் தானாக விழுவதைக்கூட வீட்டுக்குள் எடுக்கமாட்டார். நன்மையை எதிர்பாராமல் பொதுக் கழிப்பறை திருத்தக் கொடுத்துவிடுவார். நான் வட்டி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். முதல் சம்பளத்தில் நான் வாங்கிவந்த மீனை அவர் தொடவில்லை. அதன் பிறகும் தொடவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி ஆறியிருப்பேன். வாய் திறக்காமல் பருப்பை மட்டும் பிசைந்து சாப்பிடுகிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

நாட்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வட்டி உச்சியில் நின்ற காலம். ஏற்றுமதிக்காரர்கள் வங்கிக் கடனில்தான் மிளகு வாங்குவார்கள். வட்டி உயர்ந்ததும் கையை இழுத்துக்கொண்டார்கள். மிளகு விளையும் இரத்தோட்டையிலிருந்து வந்த மூட்டைகள் கடையின் பின்னறையில் கூரை வரை ஏறின. விலையோ இறங்கிக்கொண்டே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை வாப்பா என் மேசையருகே வந்து, லெப்டொப்பைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கி ஏலத்துல வட்டி எறங்குமா மகள்?"

வட்டியைத் தீர்மானிக்கும் புதன்கிழமை உண்டியல் ஏலத்தைப் பற்றி அவரே கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு ஏறினாலும் வட்டி ஒருநாள் வழமைக்குத் திரும்பும் என்பது மொடலின் நம்பிக்கை. எப்போது என்பதுதான் சிக்கல். நெருக்கடி மாதங்களைச் சேர்த்தால் கோடு மெல்ல இறங்கியது. நீக்கினால் மளமளவென்று சரிந்தது. கம்பனிக்குத் தவறாகச் சொன்னால் மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சலோடு போய்விடும். வாப்பாவுக்குத் தவறாகச் சொன்னால் என் சம்பளத்தோடு என் சொல்லையும் ஒதுக்கிவிடுவார். இறங்கும், அவசரப்பட்டு விற்கவேண்டாம் என்றேன்.

அந்தப் புதன் இறங்கியது, பேருக்கு. வாப்பா மூட்டைகளை அசைக்கவில்லை. அதற்குப் பின் வந்த ஏலங்களில்தான் உண்மையாக விழுந்தது. கொழும்பு லொறிகளும் வரத் தொடங்கின. நல்ல விலைக்கு விற்றார். பொறுத்திருந்ததால் கிடைத்த மேலதிகப் பணத்தை மட்டும், வட்டிக் காசைப் போலவே, தனியாகக் கட்டி, பஸ் நிலையக் கழிப்பறைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என் படிப்பையே அங்கே கொண்டுபோய்க் கொட்டியது போலிருந்தது. அழுதேன். கோபத்தில்தான்.

புது மிளகு வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், சாப்பாட்டுக்கு உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தார்.

"இந்தக் கெழம எப்புடி மகள்?"

என் சம்பளத்தில் வாங்கிய மீன் இருந்த சட்டியை அவர் முன்னால் தள்ளினேன்.

"இத சாப்பிட்டுட்டுக் கேளுங்க வாப்பா."

உம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். வாப்பா சட்டியைப் பார்த்தார். எழுந்து கை கழுவப் போகிறார் என்றே நினைத்தேன். ஒரு துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, வாயில் வைத்தார்.

அந்த வாரம் மொடல் இரண்டு பக்கமும் காட்டியது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியாது வாப்பா" என்றேன்.

தலையாட்டினார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.