டக்கெட் தூங்கிக்கொண்டிருந்த மதியம்

டார்லீனுக்கு வாய்தான் பிழைப்பு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்காக அணிகளோடு பேரம் பேசும் ஏஜென்ட். அவள் பேசினால் கல்லும் கரையும். அடுத்தவர் பேசக் கேட்பதென்றால் மட்டும் அந்த அம்மாளுக்கு ஆகவே ஆகாது.

பிப்ரவரியில் ஒரு வியாழன். அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள மதியம் இரண்டு மணிவரைதான் கெடு. அவளுடைய ஆட்டக்காரன் டக்கெட்டைப் பீனிக்ஸ் அணிக்கு மாற்ற இரு அணிகளும் தலையாட்டிவிட்டன. அங்கே முதல் ஐவரில் இடம். இங்கே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அவன் ஒப்பந்தப்படி, அவன் சரியென்று சொன்னால்தான் மாற்றலாம். அவனோ போனை எடுக்கவில்லை. ஆட்ட நாளின் மதியத் தூக்கம்! போனை அணைத்துவிட்டுத் தூங்கப் பழக்கியதே இவள்தான். தன்னையே திட்டிக்கொண்டு பனிச் சகதியில் காரை விரட்டினாள்.

கதவைத் திறந்த அவன் மனைவி நடீன் வழிவிடவில்லை.

"சாயங்காலம் ஆட்டம். எழுப்பினா என்னைக் கடிச்சுக் குதறிடுவான்."

"எழுப்பலைன்னா நான் செத்தேன்டி! தள்ளு!"

மாடிக்கு ஓடிப் போர்வையை இழுத்தாள். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக் கிடந்த நெடியவன் கண்ணைக் கசக்கினான்.

"பீனிக்ஸ்டா! முதல் அஞ்சு பேர்ல நீ! சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிச்சிடறேன்."

"பீனிக்ஸா? நான் எதுக்கு அங்க போகணும்?"

"ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் போன் போட்டு, கோச் உக்கார வெச்சே கொல்றான்னு அழுதியே!"

"பெஞ்சுல இருக்கறவன் பொலம்பாம பாட்டா பாடுவான்? போறேன்னு எப்பவாவது சொன்னேனா? எத்தனை தடவை சொல்ல வந்தேன், விட்டீங்களா?" சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "கோச்சுக்குத் தெரியுமா?"

டார்லீன் கையிலிருந்த போர்வையைக் கட்டிலில் போட்டாள். "நீ போகத் துடிக்கிறேன்னு நான்தான் சொன்னேன்."

"அடக்கடவுளே! சாயங்காலம் அந்தாளு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இனி இங்கே உனக்கு மதிப்பில்லை, போய்விடு என்று தள்ளிவிட இன்னும் நேரமிருந்தது. அந்தப் பேச்சு நுனிநாக்குவரை வந்தது. கதவோரம் நின்ற நடீனைப் பார்த்தாள். அவமானமாக இருந்தது.

"இப்ப என்னடா பண்ணணும்ங்கற?"

அவன் கையை நீட்டினான். ஏஜென்ட் இருக்க ஆட்டக்காரன் வாய் திறப்பது அந்தத் தொழிலில் வழக்கமே இல்லை. ஆனாலும் கோச்சின் எண்ணை அழுத்திப் போனைக் கொடுத்தாள்.

"கோச், டக்கெட் பேசறேன். எனக்குப் பெஞ்சு பிடிக்கலை, அது நிஜம். ஆனா போறேன்னு சொன்னது நான் இல்லை."

டார்லீன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.